எலுமிச்சை கூடாது

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான் அபெலார்டோ:
முட்டை ஓடு, பொடித்து.
காப்பிச் சக்கை, இரண்டு கை.
பழைய செய்தித்தாள், கிழித்து, நனைத்து, பிழிந்து.
வெங்காயம் வேண்டாம். எலுமிச்சை கூடவே கூடாது.
அதற்கும் கீழே, இடம் போதாமல் நுணுக்கி,
உன்னையும் பார்த்துக்கொள்.

சால்மன் படகில் அவனுக்கு இருபத்தொரு நாள்.
எனக்கு இங்கே, புன்டா அரேனஸில்,
தகரக் கூரையைப் பெயர்க்கப் பார்க்கும் காற்று,
துறைமுகத்து ஆட்களின் கோட்டுகளுக்கு ஜிப் மாற்றும் வேலை,
அடுப்படி மூலையில் மூன்றடுக்குப் பிளாஸ்டிக் பெட்டி.
வெளியே வைத்தால் ஜூன் மாதம் அவற்றைக் கொன்றுவிடும்.
நானும் அவையும் ஒரே ஹீட்டரின் தயவில்.

அவன் அம்மா ஞாயிறுதோறும் காஸ்ட்ரோவிலிருந்து அழைப்பாள்.
உருளைக்கிழங்கு விலை, முழங்கால், மழை என்று
ஊரைச் சுற்றிவிட்டுக்
கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்:
வாயும் வயிறுமாய் யாராவது உண்டா வீட்டில்?
உண்டு என்றேன் ஒரு தடவை.
இரண்டாயிரம் பேர்.
கண் இல்லை, காது இல்லை, கை கால் இல்லை,
வாயும் வயிறும் மட்டும்தான்.
மறுமுனையில் அவள் கெட்டில் கொதிப்பது
வெகுநேரம் கேட்டது.

பதினோராம் நாள் பக்கத்து வீட்டு ஓடெத்துக்குப் பிறந்தநாள்.
செவிச்சேவுக்கு நான்தான் பிழிந்தேன், இருபது எலுமிச்சை.
தோலை எல்லாம் பெட்டியில் கொட்டினேன்.
குப்பை லாரி வெள்ளிக்கிழமைதான் வரும், வெளியே ஒரே காற்று.
அதெல்லாம் காரணமில்லை.
கூடவே கூடாது என்று எழுதியிருந்தான்,
அதுதான்.

ராத்திரி தண்ணீர் குடிக்க வந்தேன், வெறுங்காலோடு.
காலடியில் ஏதோ சில்லென்றது.
விளக்கைப் போட்டால்
தரையில், சுவரில், அடுப்பின் காலில்,
சிவப்பாய், ஈரமாய், அவசரமே இல்லாமல்
எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தன.
ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஏறி
அவன் கையெழுத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.
‘வெங்காயம்’ தாண்டியிருந்தது.

கரண்டியால் அள்ளப் பார்த்தேன்,
அறுந்துவிடுமோ என்று பயம்.
விரல்தான் சரிப்பட்டது.
நூற்றி நாற்பது வரை எண்ணினேன்.
பிறகு மன்னிப்புக் கேட்பதா எண்ணுவதா என்று குழம்பி
இரண்டையும் விட்டேன்.

தோல்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன்.
ஓடு பொடித்துத் தூவினேன்,
நேற்றைய கால்பந்துச் செய்தியைக் கிழித்துப் பரப்பினேன்.
வெளிச்சம் இருந்தால் மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம்,
அதனால் விளக்கை அணைக்கவில்லை.
எனக்கும் அதே விளக்கு. விடியும்வரை ஜிப் தைத்தேன்.
ஜூனில் இங்கே விடிவது பத்து மணிக்கு.

பொழுது புலர்ந்து பெட்டியைக் கிளறியபோதுதான் கண்டேன்,
கரி மண்ணில் மஞ்சள் மஞ்சளாய் முட்டைக்கூடுகள்.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
இரு முனையும் கூர்ந்து, நடுவே பருத்து,
அசல் எலுமிச்சை.
தூக்கம் இல்லாத முகத்தோடு
தனியே உட்கார்ந்து சிரித்தேன்.

டீசலும் செதிலும் மணக்க வந்தான்.
பூட்ஸைக் கழற்றும் முன்பே மூடியைத் திறந்தான்.
எப்படி இருந்தன?
சாப்பிட்டன.
குண்டாகியிருக்கின்றன என்றான் பெருமையாக.
ஆமாம் என்றேன்.
தாளைக் கிழித்துப் பெட்டியிலேயே போட்டான்,
இனி அது அவற்றின் சாப்பாடு.

அடுத்த வாரம் உருண்டுபோன பொத்தானைத் தேடி
ஃப்ரிட்ஜை நகர்த்தினேன்.
வெட்டிப் போட்ட பழுப்பு நூல்போல்
ஒன்று காய்ந்து கிடந்தது.
நான்தான் தைக்கிறவள், நூல் என்றே எடுத்தேன்.
விரலுக்குத் தெரிந்துவிட்டது.
அவனிடம் காட்டவில்லை.
ஈரத் தாளுக்கு அடியில் வைத்தேன்.
நான்காம் நாள் அது அங்கே இல்லை.

ஞாயிறு. தொலைபேசி.
உருளைக்கிழங்கு விலை வரவில்லை, முழங்கால் வரவில்லை.
எடுத்த எடுப்பில் கேட்டாள் அவன் அம்மா:
அந்த இரண்டாயிரம் பேர் சௌக்கியமா?

அபெலார்டோ குளித்துக்கொண்டிருந்தான்.
குரலைத் தாழ்த்தி,
ஒருத்தர் குறைவு என்றேன்.